பழைய முகவரியை எப்போது மறப்பது?

2018 ஜனவரியையொட்டி உலகெங்கும் கணினி வைத்திருந்தவர்களுக்கு ஓர் அவசரப் பாதுகாப்பு அப்டேட் வந்து இறங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவும் விலக்கில்லை. இன்டெல் செயலிகளில் கண்டுபிடிக்கப்பட்ட மெல்ட்டவுன் என்ற ஓட்டையை அடைக்க வந்தது அது. போட்டு முடித்ததும் சில சர்வர்கள், அதிலும் டேட்டாபேஸ் ஓடியவை, முன்பைவிட மந்தமாயின. வேறு சிலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. கூடுதல் சோதனைகள் போட்டதால் வேகம் குறைந்தது என்றால் யாருக்கும் புரியும். ஆனால் மெல்ட்டவுனுக்கான மருந்து செய்த காரியம் வேறு. நிரல்களும் இயங்குதளமும் அதுவரை பகிர்ந்துகொண்டிருந்த நினைவக அட்டவணையை அது இரண்டாகப் பிரித்தது. ஓர் அட்டவணையை இரண்டாக்கினால் கணினிக்கு ஏன் மூச்சு வாங்க வேண்டும்? வாங்கினாலும், எல்லாக் கணினிக்கும் ஒரே அளவில் ஏன் வாங்கவில்லை?

இதற்கான பதில் செயலிக்குள் இருக்கும் மிகச் சிறிய ஒரு குறிப்பேட்டில் இருக்கிறது. அதில் எழுதிவைப்பது லாபம். எழுதியதை அழிப்பதுதான் செலவு. அந்த அழிப்பைத் தள்ளிப்போடலாம், பலவற்றைச் சேர்த்து ஒரேயடியாகச் செய்யலாம். ஆனால் ஒரு வரிசையை மட்டும் மாற்றக் கூடாது: பழைய குறிப்பு அழிந்த பிறகுதான் இடம் கைமாற வேண்டும். இயங்குதளங்களின் நினைவக நிர்வாகத்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் திருத்தங்கள் பார்வைக்குத் தனித்தனியாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவை இந்த விதியை மீறாமல் எவ்வளவு சோம்பேறியாக இருக்கலாம் என்ற தேடல்தான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

ஒரே முகவரி, வேறு வேறு இடம்

உங்கள் கணினியில் பிரவுசரும் பாட்டு போடும் நிரலும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. தங்கள் தரவு ஏழாம் பக்கத்தில் இருப்பதாக இரண்டுமே நினைத்துக்கொண்டிருக்கலாம்; இரண்டு நினைப்பும் சரிதான். நிரல் சொல்வது மெய்நிகர் முகவரி. நினைவகச் சிப்பில் தரவு உட்கார்ந்திருப்பது நிஜ முகவரி. நிரலின் கண்ணுக்குத் தெரியும் துண்டைப் பக்கம் என்றும், சிப்பில் அது போய் உட்காரும் இடத்தைக் கட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். இன்டெல், ஏஎம்டி செயலிகளில் இரண்டின் வழக்கமான அளவும் 4,096 பைட். எந்தப் பக்கம் எந்தக் கட்டத்தில் என்று சொல்வது பக்க அட்டவணை. ஒவ்வொரு நிரலுக்கும் தனி அட்டவணை உண்டு. அதில் எழுதும் உரிமை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு மட்டுமே. ஒரு நிரல் தறிகெட்டுப் போனாலும் அடுத்ததன் தரவைத் தொட முடியாமல் இருப்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

இதை முதலில் செய்துகாட்டியது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி. அதன் மைய நினைவகத்தில் இருந்தவை 32 கட்டங்கள், கட்டத்துக்கு 512 சொற்கள். ஆகவே கட்டத்துக்கு ஒன்றாக 32 பதிவேடுகளை வன்பொருளிலேயே வைத்து, முகவரி வந்தவுடன் அத்தனையையும் ஒரே வீச்சில் ஒப்பிட்டுவிட்டார்கள். அட்டவணையைப் புரட்ட வேண்டிய அவசியமே எழவில்லை. இன்று 16 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினியில் நாற்பது லட்சத்துக்கும் அதிகமான கட்டங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் பதிவேடு வைக்கச் செயலியில் இடம் கிடையாது. எனவே அட்டவணை நினைவகத்துக்கே குடிபோயிற்று. தலைவலியும் கூடவே வந்தது.

செயலியின் கைக்குறிப்பு

64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் பக்க அட்டவணை பொதுவாக நான்கு அடுக்குகள் கொண்டது. முதல் அடுக்கின் ஒரு வரி இரண்டாம் அடுக்குக்கு வழிகாட்டும், அது மூன்றாவதற்கு, அது நான்காவதற்கு. அங்கேதான் கட்டத்தின் எண் கிடைக்கும். ஒரு பைட்டைப் படிக்க வேண்டுமானால், மோசமான நிலையில், முகவரியைக் கண்டுபிடிக்கவே நான்கு முறை நினைவகத்துக்குப் போய்வர வேண்டும். ஐந்தாவது பயணத்தில்தான் கேட்ட பைட் கைக்கு வரும். நினைவகத்துக்கு ஒருமுறை போய்வரும் நேரத்தில் செயலி நூற்றுக்கணக்கான கணக்குகளைப் போட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் இப்படித் தேடினால் எந்தக் கணினியும் உருப்படாது.

அதனால் ஒருமுறை தேடிக் கண்டுபிடித்த விடையைச் செயலி தனக்குள் குறித்துக்கொள்கிறது: ‘ஏழாம் பக்கம், 4210-ஆம் கட்டம்’ என்று. இந்தக் குறிப்புகளின் தொகுப்பைப் பொறியாளர்கள் டிஎல்பி என்பார்கள்; நாம் கைக்குறிப்பு என்போம். 1985-இல் வந்த இன்டெல் 80386-இல் 32 குறிப்புகளுக்கு இடம் இருந்தது. அதாவது 128 கிலோபைட் பரப்புக்கு. முப்பது ஆண்டு கழித்து வந்த ஸ்கைலேக் செயலியின் ஒரு கோரில், அதாவது செயலிக்குள் தனித்து இயங்கும் ஒரு கணிப்பு அலகில், இரண்டாம் நிலைக் கைக்குறிப்பில் 1,536 இடங்கள். பெருக்கிப் பார்த்தால் அதுவும் 6 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஆனாலும் நிரல்கள் சுற்றிச் சுற்றி அதே சில பக்கங்களைத் தொடுவதால், தேடல்களில் பெரும்பங்கு இந்தச் சிறு குறிப்பிலேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் குறிப்பு என்பது நகல். கெர்னல் அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் நகல் தானாகத் திருந்தாது. குறிப்பு கையில் இருக்கும்வரை செயலி அட்டவணைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ‘அந்தக் குறிப்பை அழி’ என்று கெர்னல்தான் சொல்ல வேண்டும்.

அழிப்பின் விலை

80386-இல் ஒற்றைக் குறிப்பை அழிக்கத் தனிக் கட்டளை இல்லை. எந்த அட்டவணை நடப்பில் உள்ளது என்று காட்டும் பதிவேட்டில் மறுபடி எழுதினால் எல்லாக் குறிப்புகளும் மொத்தமாகப் போய்விடும். ஒரு பக்கத்தின் குறிப்பை மட்டும் அழிக்கும் கட்டளை 1989-இல் 80486-உடன் வந்தது. 1995-இல் பென்டியம் புரோ இன்னொரு சலுகை தந்தது. கெர்னலுக்கான பக்கங்கள் எல்லா நிரல்களின் அட்டவணையிலும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே அவற்றுக்கு ‘பொது’ என்று முத்திரை குத்திவிட்டால், நிரல் மாறி அட்டவணை மாறும்போதும் அந்தக் குறிப்புகள் பிழைத்திருக்கும். அழிக்கும் செயல் அப்படியொன்றும் நேரம் பிடிப்பதில்லை. அதன்பின் வெறும் கைக்குறிப்புடன், பக்கத்துக்குப் பக்கம் நான்கு அடுக்குத் தேடலை மீண்டும் தொடங்க வேண்டியிருப்பதுதான் விலை.

மெல்ட்டவுன் பறித்தது இந்தப் பொதுச் சலுகையைத்தான். கெர்னலின் பக்கங்கள் நிரலின் அட்டவணையில் பட்டியலிடப்பட்டிருந்தாலே, அனுமதி இல்லாவிட்டாலும், அவற்றின் உள்ளடக்கத்தைச் சுற்றுவழியில் ஊகித்துவிடலாம் என்று அது காட்டியது. தீர்வுக்கான அடித்தளத்தை ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இலேயே வேறொரு தாக்குதலை எண்ணிப் போட்டுவைத்திருந்தார்கள்: நிரல் ஓடும்போது கெர்னல் அநேகமாக இல்லாத ஓர் அட்டவணை, கெர்னல் ஓடும்போது முழு அட்டவணை. கோப்பைப் படிப்பது, வலையில் அனுப்புவது என்று நிரல் கெர்னலை அழைக்கும் ஒவ்வொரு முறையும் போகும்போது ஒருதரம், திரும்பும்போது ஒருதரம் அட்டவணை மாறும். மாறும்போதெல்லாம் கைக்குறிப்பும் காலியானால், நொடிக்கு லட்சக்கணக்கில் கெர்னலை அழைக்கும் டேட்டாபேஸ் தள்ளாடத்தானே செய்யும்? தனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது உறைக்கவே இல்லை.

இயந்திரத்துக்கு இயந்திரம் வித்தியாசப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010-இல் இன்டெல் தன் செயலிகளில் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் 12 பிட் அடையாள எண் ஒட்டும் வசதியைச் சேர்த்தது. எந்த அட்டவணைக்கு உரிய குறிப்பு என்று எண்ணைப் பார்த்தே தெரியும் என்பதால், அட்டவணை மாறினாலும் எதையும் அழிக்க வேண்டியதில்லை. லினக்ஸ் பல ஆண்டுகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. 2017 நவம்பரில் வெளிவந்த 4.14 பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டது. இரண்டே மாதத்தில் மெல்ட்டவுன் செய்தி வெடித்தது. அடையாள எண் வசதி இருந்த செயலிகள் அடியைப் பெருமளவு தாங்கிக்கொண்டன. இல்லாதவை முழு விலை கொடுத்தன.

பல கோர்கள், பல நகல்கள்

இதுவரை பார்த்தது ஒரு கோருக்குள் நடக்கும் சங்கதி. எட்டுக் கோர் இருந்தால் எட்டுக் கைக்குறிப்புகள். ஒரு கோர் அடுத்த கோரின் கைக்குறிப்பைத் தொட்டு அழிக்க இன்டெல் செயலிகளில் நெடுங்காலம் வழியே இருந்ததில்லை. ஓர் ஊரின் தபால் நிலையத்தில் வீட்டு முகவரிப் பதிவேடு ஒன்றும், அதைப் பார்க்காமல் நினைவிலிருந்தே கடிதம் கொடுத்துப் பழகிய எட்டுத் தபால்காரர்களும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்தால் பதிவேட்டில் பெயரை அடித்தால் போதாது. எட்டுப் பேருக்கும் சொல்ல வேண்டும். அதற்குள் புதுக் குடித்தனம் வந்துவிட்டால், பழையவருக்கு வந்த வங்கிக் கடிதம் புதியவர் கையில் போய்ச் சேரும்.

கெர்னல் கையாளும் முறையும் இதேதான். அட்டவணையைத் திருத்திய கோர் மற்ற கோர்களுக்குக் குறுக்கீட்டுச் செய்தி அனுப்பும். அவை கையிலிருந்த வேலையை நிறுத்தி, குறிப்பை அழித்து, ‘ஆயிற்று’ என்று பதில் சொல்லும். எல்லாப் பதிலும் வரும்வரை அனுப்பிய கோர் காத்திருக்கும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாக் கெர்னலை உருவாக்கியவர்கள் 1989-இல் இம்முறையை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். சுட்டு வீழ்த்துவது என்ற பொருளில் ஷூட்டவுன் என்று அன்று வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. கோர் கூடக் கூடக் காத்திருப்பும் கூடும். கோர்களை இரட்டிப்பாக்கினாலும் வேகம் இரட்டிப்பாகாததற்குச் சொல்லப்படும் பல காரணங்களில் இதுவும் ஒன்று.

காத்திருக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் ஓர் உதாரணம் கிடைத்தது. லினக்ஸில் ஒரு நிரலின் பக்கங்களை வேறொரு மெய்நிகர் முகவரிக்கு நகர்த்தும் வசதி உண்டு. அதைச் செய்யும்போது கெர்னல் அட்டவணை வரிகளை நகர்த்தி, ஒரே நேரத்தில் இரண்டு கோர்கள் அட்டவணையைத் திருத்தாமல் காக்கும் பூட்டைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகே பழைய குறிப்புகளை அழித்துக்கொண்டிருந்தது. பூட்டு திறந்ததற்கும் குறிப்பு அழிந்ததற்கும் இடைப்பட்ட மிகச் சிறிய நேரத்தில் இன்னொரு கோர் புது முகவரியிலிருந்து அந்தக் கட்டத்தை விடுவித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்; பழைய முகவரியின் குறிப்பை வைத்திருப்பவர் மாற்றான் தரவைப் படிக்கலாம், எழுதலாம். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த யான் ஹார்ன் இதைக் கண்டுபிடித்தார். அழிப்பைப் பூட்டு திறப்பதற்கு முன்னால் கொண்டுவந்ததுதான் தீர்வு. புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. வரிசையைச் சரிசெய்தால் போதுமாக இருந்தது.

ஒரு பக்கம், மூன்று கோர்

விதி இவ்வளவு எளிமையாக இருந்தும் அதை மீறாமலிருப்பது ஏன் கடினம் என்பதை ஒரு பக்கத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால் விளங்கும். வட்டில் உள்ள கணக்குக் கோப்பு ஒன்றை ஒரு நிரல் நினைவகத்தில் விரித்து வைத்து எழுதுகிறது. கோப்பின் ஒரு பகுதி அதன் ஏழாம் பக்கம். இருப்பது 4210-ஆம் கட்டம். நிரலின் இரண்டு இழைகள் முதல் கோரிலும் இரண்டாம் கோரிலும் ஓடுகின்றன. பக்கத்தில் முதல் எழுத்து விழும்போது அட்டவணை வரியில் ‘அழுக்கு’ என்ற அடையாளத்தைச் செயலி வைக்கும். வட்டில் உள்ள பிரதி பழையதாகிவிட்டது என்பது அதன் பொருள். இரண்டாம் கோர் ஏற்கெனவே எழுதியிருப்பதால் அதன் கைக்குறிப்பில் இந்த அடையாளமும் சேர்ந்தே இருக்கிறது.

இப்போது முதல் கோர் அந்தக் கோப்பை மூடச் சொல்கிறது. கெர்னல் ஏழாம் பக்கத்தின் வரியை நீக்குகிறது. அதிலிருந்த அழுக்கு அடையாளத்தைக் கட்டத்தின் சொந்தப் பதிவுக்கு மாற்றுகிறது. ‘இந்தக் கட்டத்தை யார் யாருடைய அட்டவணைகள் சுட்டுகின்றன’ என்ற எதிர்ப்பதிவிலிருந்தும் அந்த நிரலைக் கழிக்கிறது. குறிப்பழிப்பு இன்னும் நடக்கவில்லை. பல பக்கங்களுக்குச் சேர்த்துச் செய்யலாம் என்று காத்திருக்கிறது. அந்நேரம் மூன்றாம் கோரில் கோப்புகளை வட்டுக்கு எழுதும் வேலை ஓடுகிறது. 4210 அழுக்காக இருப்பதைப் பார்க்கிறது. எழுதும் முன் ‘இதில் இன்னும் யாராவது எழுத முடியுமா?’ என்று எதிர்ப்பதிவைக் கேட்கிறது. யாரும் இல்லை என்று பதில் வர, கட்டத்தை வட்டுக்கு எழுதி, ‘சுத்தம்’ என்று குறித்துவிடுகிறது. அதற்கு அடுத்த கணம் இரண்டாம் கோர் தன் பழைய குறிப்பை நம்பி அதே கட்டத்தில் ஒரு தொகையை எழுதுகிறது. அட்டவணையை அது பார்க்கவில்லை, அழுக்கு அடையாளத்தைப் புதிதாக வைக்கவும் இல்லை. பிறகுதான் அழிப்புச் செய்தி வந்துசேர்கிறது.

அந்தத் தொகை இப்போது நினைவகத்தில் இருக்கிறது, வட்டில் இல்லை. கெர்னலின் பார்வையில் கட்டமோ சுத்தம். பின்னொரு நேரம் நினைவகத் தட்டுப்பாடு வரும்போது, சுத்தமான கட்டம்தானே என்று கெர்னல் அதை வேறு வேலைக்குக் கொடுக்கும். எழுதிய தொகை சுவடின்றிப் போய்விடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு இரண்டு தவணையில் மருந்து போட்டார். 2014-இல், குறிப்பழிப்பையும் கட்டங்களை விடுவிப்பதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்தார். அழிப்பு அட்டவணையின் பூட்டு கையில் இருக்கும்போதே நடக்கும். விடுவிப்பு பூட்டைத் திறந்த பின் சாவகாசமாக நடக்கும். வட்டுக்கு எழுதும் வேலையும் அதே பூட்டைக் கேட்டாக வேண்டும் என்பதால் அழிப்பு முடியும்வரை அது காத்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் எதிர்ப்பதிவிலிருந்து பெயர் முன்னதாகவே நீங்கிவிட்டால், பூட்டைக் கேட்க வேண்டிய அட்டவணை எது என்றே மூன்றாம் கோருக்குத் தெரியாதே! 2022-இன் இறுதியில் இது வெளிச்சத்துக்கு வந்தது. அழுக்கான கோப்புப் பக்கங்களுக்கு மட்டும் எதிர்ப்பதிவு நீக்கத்தையும் குறிப்பழிப்புக்குப் பின்னால் தள்ளினார் டோர்வால்ட்ஸ். 2023 பிப்ரவரியில் லினக்ஸ் 6.2 பதிப்பில் அது வெளிவந்தது. எந்தெந்தக் கட்டத்துக்கு நீக்கம் பாக்கி என்று நினைவில் வைக்கத் தனிப் பட்டியல் போடவில்லை. கட்டத்தின் விவரம் இருக்கும் முகவரியின் கடைசி பிட் எப்போதும் 0-ஆகவே இருக்கும். அந்த வீண் பிட்டை 1-ஆக்கினால் ‘பாக்கி உண்டு’ என்று பொருள். வரிசையைக் காக்கக் கொடுத்த கூலி கட்டத்துக்கு ஒரு பிட்.

கோப்பை ஒரு கையால் மூடிக்கொண்டே மறு கையால் எழுதுவது அந்த நிரலின் தவறு, அதற்குக் கெர்னல் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். நிரல் எழுதியது தோற்றால், அதாவது ‘இந்த முகவரி உனக்கில்லை’ என்று அது நிறுத்தப்பட்டால், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எழுத்து வெற்றிபெற்றால் அது நிலைத்தாக வேண்டும். வெற்றிபெற்றதுபோல் காட்டிவிட்டுச் சத்தமின்றித் தொலைப்பது மூன்றாவது வகை; அதற்கு இடமில்லை. மேலும் அதே கோப்பை வேறு நிரல்களும் பகிர்ந்திருக்கலாம். ஒன்றின் அவசரத்தில் மற்றதன் நம்பிக்கை குலையக் கூடாது.

எவ்வளவு தள்ளிப்போடலாம்?

எல்லை எது என்று தெரிந்துவிட்டால், அந்த எல்லைவரை தாராளமாகச் சோம்பேறியாக இருக்கலாம். 2015-இல் லினக்ஸில் வந்த ஒரு மாற்றம் இதற்கு நல்ல சான்று. நினைவகத் தட்டுப்பாட்டின்போது கெர்னல் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கோர்களையும் குறுக்கிட்டுக்கொண்டிருந்தது. மாற்றத்துக்குப் பின், பல பக்கங்களின் வரிகளை நீக்கிவிட்டுக் கடைசியில் கோருக்கு ஒரே செய்தியாக அனுப்பியது. அதுவரை எந்தக் கட்டமும் யாருக்கும் கொடுக்கப்படாததால் இந்தத் தாமதத்தில் ஆபத்தில்லை. அழுக்குப் பக்கங்களுக்கு மட்டும் தவணை சற்றுக் குறைவு: வட்டுக்கு எழுதத் தொடங்கும் முன்பே அழிப்பு முடிந்தாக வேண்டும்.

இன்னொரு தந்திரம், சொல்லாமலே விடுவது. ஒரு நிரல் தற்போது ஓடாத கோருக்கு அந்த நிரலின் மாற்றத்தை உடனே சொல்லி என்ன பயன்? லினக்ஸ் ஒவ்வொரு நிரலின் முகவரிப் பரப்புக்கும் ஓர் எண்ணி வைத்து, மாற்றம் நேரும்போதெல்லாம் அதை ஒன்று கூட்டுகிறது. கோர் அந்த நிரலுக்குத் திரும்பி வரும்போது, தான் கடைசியாகப் பார்த்த எண்ணுடன் ஒப்பிட்டு, பின்தங்கியிருந்தால் அப்போது அழித்துக்கொள்கிறது. மொத்தமாக அழிப்பதா, ஒவ்வொன்றாகவா என்பதும் இதே வகைக் கணக்குதான். இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கான லினக்ஸில் 33 பக்கம்வரை ஒவ்வொன்றாக அழிப்பதும், அதற்கு மேல் போனால் அந்த நிரலின் குறிப்புகளை ஒட்டுமொத்தமாகத் துடைப்பதும் நெடுநாள் வழக்கம். இந்த எண்ணை ஏற்றி இறக்கினால் வேகம் சற்று மாறும். சரியா தவறா என்பது மாறாது. தாராளமாகக் கைவைக்கக் கூடியது எது, கூடாதது எது என்பதைப் பிரித்துக்காட்டும் கோடு இதுதான்.

வன்பொருளே பார்த்துக்கொள்ளக் கூடாதா?

கோர்களின் தரவுத் தற்காலிகச் சேமிப்புகளை வன்பொருளே ஒத்திசைவாக வைத்திருக்கும்போது, கைக்குறிப்பை மட்டும் ஏன் மென்பொருள் தலையில் கட்ட வேண்டும் என்பது நியாயமான ஆட்சேபம். தரவின் நகல் அதே நிஜ முகவரியின் பெயரில் இருப்பதால், அந்த முகவரியில் யாராவது எழுதினால் நகல் வைத்திருக்கும் கோர் அடையாளம் கண்டுகொள்ள முடியும். கைக்குறிப்போ நான்கு அடுக்கு வரிகளைப் படித்துப் பெற்ற முடிவு. எந்த வரி மாறினால் எந்தக் குறிப்பு செல்லாது என்று பின்னோக்கித் தேடுவது எளிதல்ல. பக்கத்தை 2 மெகாபைட்டாகப் பெரிதாக்கினால் போதாதா என்பது அடுத்த யோசனை. அப்போது அதே 1,536 குறிப்புகள் 3 ஜிபியை மூடும், அழிக்க வேண்டியவையும் குறையும். ஆனால் சில கிலோபைட் தேவைப்படும் இடத்திலும் 2 மெகாபைட்டை ஒதுக்க நேரும். தேவைப்படும் அழிப்புகளின் வரிசை விதியும் மாறாமலே இருக்கும்.

செய்தி சொல்லும் வேலையை வன்பொருள் ஏற்கலாம் என்பது உண்மைதான். ஆர்ம் செயலிகளில் ஒரே கட்டளை எல்லாக் கோர்களின் குறிப்பையும் அழிக்கும். 2021-இல் வந்த மூன்றாம் தலைமுறை எபிக் சர்வர் செயலிகளில் ஏஎம்டியும் இத்தகைய கட்டளையைத் தந்தது. 2025-இல் லினக்ஸ் 6.15 அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. இவற்றில் குறுக்கீடு இல்லை, மற்ற கோர்கள் வேலையை நிறுத்த வேண்டியதும் இல்லை. ஆனால் இரண்டிலும் ‘அழிப்பு எல்லா இடத்திலும் முடிந்ததா’ என்று காத்திருந்து உறுதிசெய்ய இன்னொரு கட்டளை தனியே உண்டு. அதை எங்கே வைப்பது என்பது கெர்னலை எழுதுபவரின் பொறுப்பு. ஏனென்றால் 4210-ஆம் கட்டம் அடுத்து யாருக்குப் போகிறது, எப்போது போகிறது என்பது வன்பொருளுக்குத் தெரியாது. எனவே நினைவக நிர்வாகத்தில் ஒரு திருத்தம் முன்வைக்கப்படும்போது அது எத்தனை நானோநொடி மிச்சப்படுத்துகிறது என்பது இரண்டாவது கேள்வி. கட்டம் கைமாறும் கணத்தில் யாருடைய கையிலாவது பழைய குறிப்பு மிஞ்சியிருக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

ஒரு கெர்னல் இன்னொரு கெர்னலுக்குள் குடியிருக்கும் மேகக் கணினிகளில் இந்தக் கேள்வியை இருமுறை கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே அட்டவணைக்குள் அட்டவணை. மோசமான நிலையில் ஒரே ஒரு தேடலுக்கு 24 முறை நினைவகத்துக்குப் போய்வர வேண்டும். உள்ளே இருக்கும் கெர்னல் அழித்துவிட்டதாக நினைக்கும் குறிப்புக்கு வெளியே இருக்கும் கெர்னலும் பொறுப்பேற்றாக வேண்டும். அந்தப் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் விதம் அடுத்த அத்தியாயத்தின் பொருள்.